சிக்னல் முழுதாக இருந்தும் வைஃபை திணறுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

அடுக்குமாடிக் குடியிருப்பிலோ விடுதியிலோ வைஃபை மந்தமானால் பழி முதலில் இணைய நிறுவனத்தின் மேல் விழும். அடுத்து புது ரூட்டர் வாங்கக் காசு போகும். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது காற்றுநேரம். ஒரு சேனலில், அதாவது ரூட்டர் பேசும் அலைவரிசைத் துண்டில், ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேசும், மற்றவை காத்திருக்கும். பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனலில் இருந்தால், பெயரும் கடவுச்சொல்லும் வேறாக இருந்தாலும் காத்திருக்கும் வரிசை ஒன்றுதான். வயர்லெஸ் வேகத்தைக் கூட்டும் ஆராய்ச்சியில் பெரும்பங்கு இந்த வரிசையைச் சுருக்குவதற்காகவே நடக்கிறது. அதில் பலன் கண்ட பல உத்திகள் உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. சரியாக வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய இடம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 2400 முதல் 2483.5 வரை, அதாவது 83.5 மெகாஹெர்ட்ஸ், 2005 முதல் திறந்திருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபர் அறிவிப்பு மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. ஏழு மடங்குக்கும் மேல். ஆனாலும் நாற்பது வீடு உள்ள கட்டடத்தில் பாதிக் கருவிகள் இன்னும் அந்த 83.5-க்குள்தான் முட்டிக்கொண்டிருக்கும்.

எதையும் மாற்றும் முன் அளவெடுங்கள்

லேப்டாப்பைச் சார்ஜரில் செருகிவிட்டு அதில் அளவெடுங்கள். போனில் பிங் (ஒரு சிறு தரவுத் துண்டு, அதாவது பாக்கெட், போய்த் திரும்ப ஆகும் நேரம்) பார்க்க வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த போன் தன் ரேடியோவை அடிக்கடி உறங்க வைப்பதால் நல்ல இணைப்பில்கூட 100 மில்லிவிநாடி காட்டும். இல்லாத கோளாறைத் தேடி அலைவீர்கள்.

முதலில் ஈதர்நெட் கேபிளை ரூட்டரில் நேராகச் செருகி வேகம் பாருங்கள். கட்டணத் திட்டத்தில் சொன்ன வேகம் இங்கேயே வராவிட்டால் வைஃபையைத் தொட்டுப் பயனில்லை. வேகம் சரியாக 94 எம்பிபிஎஸ் பக்கத்தில் நின்றுவிட்டால் இணைய நிறுவனத்தை அழைக்க வேண்டாம். அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருக்கும், அல்லது கேபிளின் எட்டு கம்பிகளில் நான்குதான் தொடர்பில் இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் இரண்டு பிங் சாளரங்களை ஒன்றாக ஓடவிடுங்கள். ஒன்று ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றது வெளியே 8.8.8.8-க்கு. தலா 200 பாக்கெட் போதும். ரூட்டருக்கான பிங் 2 முதல் 5 மில்லிவிநாடிக்குள் இருந்தால் காற்றில் சிக்கல் இல்லை. அதுவே 50, 200 என்று குதித்தால் கோளாறு உங்களுக்கும் ரூட்டருக்கும் இடையில்தான். ரூட்டர் பிங் அமைதியாக இருந்து வெளி பிங் மட்டும் குதித்தால், கீழே அழைப்பு வெட்டுவதைப் பற்றிய பகுதிக்கு நேரே போங்கள்.

மூன்றாவது, சிக்னல் வலு. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினால் சிக்னல், இரைச்சல், இணைப்பு வேகம் மூன்றும் தெரியும். விண்டோஸ் கட்டளைத் திரை சதவீதமாகச் சொல்லும். அதைப் பாதியாக்கி 100-ஐக் கழித்தால் ஏறத்தாழ டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) கணக்கு வரும். 80 சதவீதம் என்றால் −60. அழைப்புகளுக்கு −67 அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும். −75-க்குக் கீழே போனால் வேறு எதைத் திருத்தினாலும் பலன் குறைவு. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி 25 டெசிபெலுக்குக் குறையக் கூடாது. திரையில் தெரியும் கோடுகள் சிக்னலை மட்டுமே சொல்கின்றன, இரைச்சலைச் சொல்வதில்லை.

ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி வைத்துச் சேனல்களைப் பார்ப்பவர்கள் கவனிக்க: ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி இரண்டு நிமிடத்துக்கு நான்கு தடவைதான் தேட முடியும். படம் அசையாமல் நின்றால் அது பழைய படம். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் அமைப்புகளில் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கலாம்.

சிக்னல் முழுசு, வேகம் இல்லை, இரவு எட்டு மணிக்கு மேல் இன்னும் மோசம்

இதுதான் அசல் நெரிசல். சேனல் எவ்வளவு நேரம் பரபரப்பாக இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருள் போட்ட ரூட்டரில் சர்வே கட்டளை இரண்டு எண்களைத் தரும்: சேனலைக் கேட்டிருந்த மொத்த நேரம், அதில் பரபரப்பாக இருந்த நேரம். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 30 சதவீதம் சாதாரணம். 50 தாண்டினால் அழைப்புகள் தடுமாறும். 80-இல் எந்த ரூட்டர் வைத்தாலும் திணறல்தான். அதே பட்டியலில் பெற்ற நேரமும் அனுப்பிய நேரமும் இருக்கும். பரபரப்பான நேரத்திலிருந்து இவ்விரண்டையும் கழித்து மிஞ்சுவது பெரிதாக இருந்தால், அது ரூட்டருக்குப் புரியாத ஓசை: மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்துச் சேனலின் கசிவு, கண்காணிப்புக் கேமராவின் வயர்லெஸ் இணைப்பு போன்றவை. அலுவலக வகை ரூட்டர்களில் சேனல் பயன்பாடு என்று நேரடியாகவே சதவீதம் காட்டும்.

2.4-இல் சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அகலமோ 20. அதனால் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மட்டுமே. கூட்டமாக இருக்கிறதே என்று 3-க்கோ 4-க்கோ நகர்பவர்கள் உண்டு. அது நிலைமையைக் கெடுக்கும். ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் சேனல் தேர்வில் பிறகு தவறே வராது.

ஒரே சேனலில் இருக்கும் பக்கத்து ரூட்டரின் தொடக்கக் குறியை உங்கள் ரூட்டர் −82 டிபிஎம் அளவிலேயே அடையாளம் கண்டு, அது முடிக்கும்வரை பொறுத்திருக்கும். வேகம் பங்காகும், ஆனால் பாக்கெட் சிதையாது. பாதி மட்டும் உரசும் சேனலில் இருப்பவரின் பேச்சு உங்கள் ரூட்டருக்குப் புரியாது, வெறும் ஓசையாகத்தான் கேட்கும். ஓசைக்காக ஒதுங்கும் அளவு −62. இரண்டுக்கும் நடுவே 20 டெசிபெல். அந்த இடைவெளிக்குள் வருகிற எல்லாவற்றின் மேலும் உங்கள் ரூட்டர் ஏறிப் பேசும். இரண்டு பேருடைய பாக்கெட்டும் பாழாகி, திரும்ப அனுப்பியே நேரம் கரையும். ஆகவே 6-இல் நான்கு பேரோடு இருப்பது, 4-இல் தனியாக இருப்பதைவிட நல்லது. 2.4-இல் அகலத்தை 20-க்கு மேல் வைக்கவே வைக்காதீர்கள். 40 வைத்தால் பேண்டின் பாதியை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள்.

சேனல் தேடலை இரவு ஒன்பது மணிக்குச் செய்யுங்கள். 'ஆட்டோ' என்று விட்ட வீட்டு ரூட்டர்களில் பல, மின்சாரம் வந்து எழும்பும் கணத்தில் மட்டுமே சேனலைத் தேர்கின்றன. விடியற்காலை மின்தடை முடிந்து எழும்பிய ரூட்டருக்கு எல்லாச் சேனலும் காலியாகத்தான் தெரியும்.

5 கிகாஹெர்ட்ஸில் கேள்வி அகலத்தைப் பற்றியது. இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 6 போனுக்கு 80 மெகாஹெர்ட்ஸில் இணைப்பு வேகம் 1201 எம்பிபிஎஸ், 40-இல் 574, 20-இல் 287. கையில் கிடைப்பது அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். உங்கள் திட்டம் 200 அல்லது 300 எம்பிபிஎஸ் என்றால் 40-ஏ போதும். அகலத்தை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் இரைச்சல் 3 டெசிபெல் ஏறும், உரசும் அண்டை ரூட்டர்களும் கூடும். நெரிசலான கட்டடத்தில் 160 வைத்துவிட்டு வேகம் குறைந்ததாக வரும் புகார்களில் பெரும்பாலானவை 40-க்கோ 80-க்கோ இறக்கியதும் தீர்ந்துவிடும். ஒரு கட்டடத்தில் நான்கைந்து ரூட்டர்களை ஒருவரே பராமரிக்கிறார் என்றால் எல்லாவற்றுக்கும் 40 கொடுத்து, பக்கத்துப் பக்கத்து ரூட்டர்களுக்கு வேறு வேறு சேனல் தருவதே சரி.

விடுதிக்காரர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வைஃபை பெயரும் 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு முறை தன்னை அறிவிக்கும். அந்த அறிவிப்பு 300 பைட் என்று கொள்வோம். பழைய 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அதை அனுப்ப 2400 மைக்ரோவிநாடி, தொடக்கக் குறிக்கு 192. கிட்டத்தட்ட 2.6 மில்லிவிநாடி. ஒரு பெயருக்கு 2.5 சதவீதக் காற்றுநேரம். மாணவர், பணியாளர், விருந்தினர், கேமரா என்று நான்கு பெயர் வைத்து, ஒரே சேனலில் மூன்று ரூட்டர் இருந்தால் யாரும் எதையும் பார்க்காமலேயே 30 சதவீதம் போய்விட்டது. பெயர்களை இரண்டாகக் குறையுங்கள். குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். அறிவிப்பின் நேரம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

பழைய கருவி ஒன்று இணைந்ததும் எல்லாருக்கும் மந்தம்

இது கற்பனை அல்ல. மார்ட்டின் ஹ்யூஸ் குழுவினர் 2003-இல் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். வைஃபை ஒவ்வொரு கருவிக்கும் சம வாய்ப்புத் தருகிறது, சம நேரம் தருவதில்லை. 1500 பைட் பாக்கெட்டை 600 எம்பிபிஎஸ் லேப்டாப் 20 மைக்ரோவிநாடியில் அனுப்பிவிடும். மூலையறையில் 6 எம்பிபிஎஸ்-இல் தொங்கும் பழைய டேப்லெட்டுக்கு 2000 மைக்ரோவிநாடி. இருவரும் மாறி மாறிப் பேசினால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் டேப்லெட்டுக்கே. வேகமான கருவிகள் பல பாக்கெட்டுகளைக் கட்டி ஒன்றாக அனுப்புவதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாக இராது. ஆனாலும் விகிதம் இந்தத் திசையில்தான்.

ரூட்டரின் இணைப்புப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு கருவியின் இணைப்பு வேகத்தையும் பாருங்கள். 24-க்குக் கீழே இருப்பவை குற்றவாளிகள். பழையது என்பதாலேயே ஒரு கருவி தொல்லை ஆகிவிடாது. தூரத்தில் இருக்கும் புதிய போனும் இதையேதான் செய்யும். வரிசையாகச் செய்ய வேண்டியவை: 2.4-இல் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களை அணையுங்கள் (அமைப்புப் பக்கத்தில் 802.11பி ஆதரவு என்று இருக்கும்; மிகப் பழைய வைஃபை வகை அது). காற்றுநேரச் சமநிலை என்ற தேர்வு இருந்தால் இயக்குங்கள். நகராத கருவிகளை, அதாவது டிவி, பிரிண்டர், மேசைக் கணினி ஆகியவற்றைக் கேபிளுக்கு மாற்றுங்கள். வேகங்களை அணைத்த பின் 802.11பி மட்டுமே தெரிந்த மிகப் பழைய பிரிண்டரோ, மாடியில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்மார்ட் பிளக்கோ இணைய மறுக்கலாம். அதற்கு ரூட்டரைக் கொஞ்சம் நகர்த்துவதே மருந்து. பழைய வேகத்தைத் திரும்பத் திறந்தால் எல்லாரும் திரும்ப மாட்டிக்கொள்வீர்கள்.

யாராவது பதிவேற்றினால் அழைப்பு வெட்டுகிறது

வேகச்சோதனை நன்றாக இருக்கும். ஒருவர் புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏற்ற ஆரம்பித்ததும் அடுத்த அறையில் வீடியோ அழைப்பு உறையும். இதற்கு ரூட்டரிலோ ஃபைபர் பெட்டியிலோ அளவுக்கு மீறி நீண்ட வரிசை காரணம். 1 மெகாபைட் வரிசை நிரம்பி, பதிவேற்ற வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் கடைசியில் நிற்கும் குரல் பாக்கெட் 1.6 விநாடி காத்திருக்கிறது. வேகம் அப்படியே இருக்கும், உரையாடல் செத்துவிடும்.

உறுதிப்படுத்துவது எளிது. வெளியே பிங் ஓடட்டும். சும்மா இருக்கையில் 15 மில்லிவிநாடி. பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றுங்கள். 300, 800 என்று ஏறினால் நோய் இதுவே.

2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் முறை வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பாக்கெட் உள்ளே எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்க்கிறது. 5 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருப்பு 100 மில்லிவிநாடி நீடித்தால் பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்புபவரை மெதுவாக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் என்ற பெயரில் இது கிடைக்கும்; கேக் என்ற பிந்திய வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கேபிளில் அளந்த வேகத்தில் 90 சதவீதத்தைப் பதிவிறக்கத்துக்கும் பதிவேற்றத்துக்கும் தனித்தனியாக இடுங்கள். 100 சதவீதம் இட்டால் வரிசை மறுபடியும் ஃபைபர் பெட்டிக்கே போய்விடும், அங்கே உங்கள் கட்டுப்பாடு கிடையாது. வேகத்தில் பத்தில் ஒன்றை விட்டுக்கொடுப்பது பலருக்கு மனம் வராது. அழைப்பு வெட்டாமல் இருப்பதை ஒரு வாரம் பார்த்தால் வரும். மலிவான ரூட்டரின் செயலி 100, 200 எம்பிபிஎஸ்-க்கு மேல் இந்த வேலையைத் தாங்காமல் போகலாம். இயக்கியபின் வேகம் நீங்கள் இட்ட எண்ணைவிட வெகுவாகக் குறைந்தால் காரணம் அதுதான்.

ரூட்டருக்கான பிங்கே குதிக்கிறது என்றால் நீண்ட வரிசை வைஃபை டிரைவருக்குள் இருக்கிறது. அதற்கான தீர்வை டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கென்சன், டேவ் டாட் உள்ளிட்ட குழு 2017-இல் வெளியிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் தனி வரிசை, முறை தருவது பாக்கெட் கணக்கில் அல்ல, நேரக் கணக்கில். முந்தைய பகுதியின் டேப்லெட் பிரச்சினையும் இதிலேயே அடங்கிவிடுகிறது. இது லினக்ஸ் கர்னலுக்குள் சேர்ந்துவிட்டதால், அதிரோஸ், மீடியாடெக் சிப்கள் சிலவற்றை வைத்துள்ள பழைய ரூட்டர்கூட ஃபர்ம்வேரை (ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருளை) மாற்றினால் பயன்பெறும். புதுப்பெட்டி வாங்குமுன் இதை ஒரு தடவை முயன்று பார்ப்பது வீண்போகாது.

5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென்று காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் திரும்புகிறது

52 முதல் 64 வரை, 100 முதல் 144 வரை உள்ள சேனல்களை வைஃபை, ரேடாரோடு பகிர்ந்துகொள்கிறது. அங்கே போகும் ரூட்டர் வாய் திறக்கும் முன் 60 விநாடி கேட்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி வானிலை ரேடார் இருக்கும் 5600–5650 பகுதியில் இதுவே 10 நிமிடம். இடையில் ரேடார் துடிப்பு போல ஏதாவது கேட்டால் 10 விநாடிக்குள் வெளியேறி, 30 நிமிடம் திரும்பி வரக் கூடாது. ரூட்டரின் பதிவேட்டில் 'ரேடார் கண்டறியப்பட்டது' என்ற வரியைத் தேடுங்கள். எப்போதாவது ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். தினமும் என்றால் 36–48 அல்லது 149–161-க்கு மாறுங்கள்.

ஆனால் எடுத்த எடுப்பில் இந்தச் சேனல்களை ஒதுக்கிவிடாதீர்கள். எல்லார் வீட்டு ரூட்டரும் 36-லும் 149-லும் அடைந்து கிடக்கையில் 100-க்கு மேலே பெரும்பாலும் காலி. நெரிசலுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. மாறிய பின் ஏதாவது டிவி ஸ்டிக்கோ பழைய பிரிண்டரோ பெயரையே காணவில்லை என்றால் அது இந்தச் சேனல்களைத் தேடாத வகை. அதை 2.4-இல் விட்டுவிடுங்கள். சேனல் பட்டியல் நீளும் என்பதற்காக ரூட்டரில் நாட்டை மாற்றி வைப்பது மட்டும் கூடாது. சட்டமும் இடம் தராது, ரேடாருக்கும் இடைஞ்சல்.

ரிப்பீட்டர் வைத்தும் வேகம் பாதிதான்

ஒரே ரேடியோ கொண்ட ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரு தடவை கேட்டு, ஒரு தடவை திரும்பச் சொல்கிறது. அதே சேனலில் இரட்டிப்பு நேரம், ஆகவே பாதி வேகம். கேட்டுக்கொண்டே பேச முடியாததற்குக் காரணம், அதன் சொந்தக் குரல் 20 டிபிஎம், அது கேட்க வேண்டிய குரலோ −90 பக்கம். 110 டெசிபெல் வித்தியாசம், அதாவது பத்தாயிரம் கோடி மடங்கு. அந்த 110-ஐயும் அழித்து ஒரே சேனலில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியும் என்று ஸ்டான்ஃபோர்டில் தினேஷ் பரதியா, எமிலி மெக்மிலின், சச்சின் கட்டி மூவரும் 2013-இல் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். கடையில் வாங்கும் வீட்டு வைஃபையில் அது இன்னும் இல்லை.

அதனால் இன்றைக்கு வழி மூன்று. ரிப்பீட்டர் இருக்கும் இடத்துக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்து அதை அணுகுபுள்ளியாக (அக்சஸ் பாயின்ட்) மாற்றுவது முதல் தரம். 100 மீட்டர் வரை கவலையில்லை. இரண்டாவது, ரூட்டரோடு பேச ஒரு பேண்டும் கருவிகளோடு பேச இன்னொரு பேண்டும் உள்ள மெஷ் பெட்டி. மூன்றாவது, இருக்கும் ரிப்பீட்டரை இடம் மாற்றுவது. சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய் வைப்பதுதான் வழக்கமான தவறு. வராததை எப்படித் திருப்பிச் சொல்லும்? ரூட்டர் சிக்னல் −65 கிடைக்கும் இடத்தில், பாதி வழியில் வையுங்கள். இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி ஆகியவை நடுவில் வரக் கூடாது.

கோடுகள் முழுசு, பதிவிறக்கம் சரி, பதிவேற்றம் மட்டும் படுத்துவிடுகிறது

யாரோ ரூட்டரின் சிக்னல் அனுப்பும் திறனை உச்சத்துக்கு ஏற்றியிருப்பார்கள். ரூட்டர் சத்தமாகப் பேசுவது போனுக்குக் கேட்கிறது. போனின் சின்ன ரேடியோ பேசுவது ரூட்டருக்குக் கேட்கவில்லை. திறனை நடுத்தரத்துக்கு இறக்குங்கள். அண்டை வீட்டாருக்கும் அது நல்லது.

இறக்கியும் தீராமல், வீட்டின் இரு முனைகளில் உள்ள அறைகளில் இருப்பவர்கள் ஒன்றாகப் பதிவேற்றும்போது மட்டும் விழுகிறது என்றால் அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் ரூட்டரின் காதில் மோதுகிறார்கள். ஆர்டிஎஸ் வரம்பை 2347-இலிருந்து 500-க்கு இறக்கினால் பெரிய பாக்கெட்டுக்கு முன் அனுமதி கேட்கும் பழக்கம் வரும். இந்த அமைப்பு ரூட்டரில் வைத்தால் ரூட்டர் அனுப்புவதற்கு மட்டுமே பொருந்தும். பதிவேற்றம் செய்யும் லேப்டாப்பில்தான் மாற்ற வேண்டும். போனில் அந்த வசதி இராது. ரூட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்தினால் மோதல் தானாகக் குறையும்.

ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால், அடுப்பை இயக்கினால், விளக்கு கேட்கவில்லை

மூன்றும் 2.4-இன் தொல்லைகள். யூஎஸ்பி 3.0-இன் 5 கிகாபிட் ஓட்டம் 2.4 பகுதியிலேயே இரைச்சலைக் கக்குகிறது. இன்டெல் 2012-இல் தானே அளந்து வெளியிட்டது: இரைச்சல் 20 டெசிபெல் வரை ஏறலாம். வயர்லெஸ் மவுஸின் டாங்கிளை டிஸ்க்குக்கு எதிர்ப்பக்கம், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் வையுங்கள். ரூட்டரின் பின்னாலேயே டிஸ்க் செருகியிருந்தால் அந்த போர்ட்டை யூஎஸ்பி 2.0 முறைக்கு மாற்றுங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பை ஒரு குவளைத் தண்ணீர் வைத்து 60 விநாடி ஓடவிட்டு, அதே நேரம் ரூட்டருக்குப் பிங் போட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வகை அடுப்பு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லிவிநாடி இரைந்து 10 மில்லிவிநாடி ஓயும். ஓயும் இடைவெளியில் சில பாக்கெட் தப்பிக்கும், சில தப்பாது. அதன் மையம் 2450 பக்கம் என்பதால் சேனல் 1 கொஞ்சம் தாங்கும், 5 கிகாஹெர்ட்ஸ் முழுதாகத் தப்பும்.

ஜிக்பீ (ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளின் வயர்லெஸ் முறை) விளக்குகள் சொல் கேட்கவில்லை என்றால் அவற்றின் சேனலை 15, 20, 25-இல் ஒன்றுக்கு மாற்றுங்கள். வைஃபை 1, 6, 11-க்கு நடுவிலும் மேலேயும் உள்ள சந்துகள் அவை. அண்டை வீட்டார் 3-லும் 8-லும் இருந்தால் சந்து அடைபட்டுவிடும். அவர்களிடம் பேசித்தான் பார்க்க வேண்டும்.

வைஃபை 7 ரூட்டர் வாங்கியும் வித்தியாசமே இல்லை

முதலில் போனின் வைஃபை விவரத்தில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். போன் வைஃபை 6, இரண்டு ஆன்டெனா, 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் 1201-க்கு மேல் போகாது. ரூட்டர் எதுவாக இருந்தாலும் அதுவே கூரை. வைஃபை 5 போன் என்றால் 866.

அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண் எல்லா ரேடியோக்களையும் கூட்டிய எண். எந்த ஒரு கருவிக்கும் அது கிடைக்காது. பல இணைப்புகளை ஒன்றாகப் பயன்படுத்தும் எம்எல்ஓ வசதியையும் அப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். போன்களில் வரும் எளிய வகை இரண்டு பேண்டையும் காதுகொடுத்துக் கேட்டு, காலியாக இருப்பதில் பேசும். வேகம் கூடாது. நெரிசலில் காத்திருப்பு குறையும். இந்தப் பலனை வேகச்சோதனையில் தேடினால் தெரியாது, பிங்கின் ஏற்ற இறக்கத்தில் தெரியும். ஒரு சேனலைத் துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் பலருக்குக் கொடுக்கும் ஓஎஃப்டிஎம்ஏ-வும் இதே ரகம். 20 மெகாஹெர்ட்ஸை ஒன்பது துண்டாக்கிச் சிறு பாக்கெட்டுகளுக்குப் பகிர்கிறது. தனி ஆளாகச் சோதித்தால் பூஜ்ஜியப் பலன், நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் நல்ல பலன். கருவியும் வைஃபை 6 அல்லது மேல் இருந்தால்தான் அதுவும்.

உண்மையான இடம் கிடைப்பது 6 கிகாஹெர்ட்ஸில். அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. இந்தியாவில் 5925–6425 என்ற 500 மெகாஹெர்ட்ஸுக்கு வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளியாயின. 500-இல் 160 அகலச் சேனல் மூன்று கிடைக்கும், 320 ஒன்றே ஒன்று. ஆகவே குடியிருப்பில் 320 வைப்பது, 2.4-இல் 40 வைத்த அதே தவறின் பெரிய வடிவம். 160-ஓ 80-ஓ வைத்து, மற்ற வீடுகளுக்கும் இடம் விடுங்கள். இங்கே விற்கும் ரூட்டரில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். வைஃபை 7 என்ற பெயரோடு 2.4-உம் 5-உம் மட்டுமே உள்ள மாடல்களும் விற்பனையில் இருக்கின்றன.

ரூட்டரில் 6 இருந்தும் போனில் பெயர் தெரியவில்லையா? அந்தப் பேண்டில் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை கட்டாயம். பழக்கத்தில் டபிள்யூபிஏ2 மட்டும் என்று வைத்திருந்தால் 6 கிகாஹெர்ட்ஸ் இயங்காது. 6-க்கு டபிள்யூபிஏ3, மற்ற இரண்டுக்கும் 2-உம் 3-உம் கலந்த முறை என்று வையுங்கள். போனில் பழைய இணைப்பை ஒரு தடவை மறக்கச் செய்து கடவுச்சொல்லைப் புதிதாக இடுங்கள். அடுத்த அறைக்குள் போனதும் 6 விழுந்து 5-க்கு மாறினால் கோளாறு என்று எண்ண வேண்டாம். 2.4-ஐவிட அது திறந்த வெளியிலேயே 8 டெசிபெல் பலவீனமாகத்தான் வந்து சேரும், கான்கிரீட் சுவர் இன்னும் அதிகமாக விழுங்கும். வேகம் தேவைப்படும் மேசை எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறைக்குள்ளேயே ரூட்டரையோ கேபிளில் இணைந்த அணுகுபுள்ளியையோ வையுங்கள்.